எம்ஜிபியின் செல்ஃப் மோட்டாரும் அந்த மேல் போல்ட்டும்

எம்ஜிபி காரில் செல்ஃப் மோட்டாரைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். கீழ் போல்ட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். மேல் போல்ட் ஒரு மதியத்தை முழுசாக விழுங்கிவிடும். அதனால் இந்தப் பதிவில் பாதி அந்த ஒரு போல்ட்டைப் பற்றித்தான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி, அந்தப் போல்ட்டின் பக்கமே போகாமல் தப்பிக்கும் வழி.

முதலில் எந்த வண்டி என்பதைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான, 1798 சிசி நாலு சிலிண்டர் பி-சீரிஸ் இன்ஜின் கொண்ட எம்ஜிபி. திறந்த ரோட்ஸ்டரும் கூரை வைத்த ஜிடியும் இந்த விஷயத்தில் ஒன்றே. ஆறு சிலிண்டர் எம்ஜிசிக்கும் வி8 வண்டிக்கும் இது பொருந்தாது.

இந்த நாலு சிலிண்டர் வண்டியிலேயே இரண்டு வகை செல்ஃப் உண்டு. 1967 வரை வந்தவற்றில் லூகாஸ் எம்418ஜி. இது பென்டிக்ஸ் வகை: மோட்டார் வேகமாகச் சுற்றத் தொடங்கும் உதறலிலேயே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் மரையில் ஓடிப் போய், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங் கியரைக் கவ்வும். சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்சான சோலனாய்டு மோட்டாரில் இருக்காது. பானெட்டுக்குள் பக்கச் சுவரில் தனியாக இருக்கும். 1967 கடைசியில் வந்த மார்க் 2 முதல் வேறு வகை; இவற்றில் அதிகம் காணப்படுவது லூகாஸ் 2எம்100. இதில் சோலனாய்டு மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அது முதலில் ஃபோர்க் வழியாகப் பினியனைத் தள்ளி ரிங் கியரில் மாட்டிவிட்டு, பிறகுதான் மோட்டாருக்குக் கரண்ட் விடும். டார்ச் அடித்துப் பார்த்தாலே எது என்று தெரியும். வண்டியின் வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஐம்பது வருடத்தில் இன்ஜின் மாறாத எம்ஜிபி அபூர்வம்.

இனி முக்கியமான கேள்வி. மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டுமா?

செல்ஃப் அடிக்கவில்லை என்றதும் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவது இந்த வண்டிக்காரர்களின் பழைய வியாதி. எம்ஜிபியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே இருக்கிறது. 1974 வாக்கு வரை அது ஒரு பேட்டரிகூட இல்லை. இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 12 வோல்ட் எடுத்தார்கள். அப்படியானால் நாலு டெர்மினல், நடுவில் ஓர் இணைப்பு ஒயர், பாடியில் ஓர் எர்த், அங்கிருந்து தரைக்கு அடியில் செல்ஃப் வரை ஓடும் நீண்ட கேபிள், கடைசியாக இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஓர் எர்த் பட்டை. இத்தனை இடத்தில் எங்கே பச்சை பூத்திருந்தாலும் செல்ஃப் முனகும். பழி மட்டும் மோட்டார் மேல் விழும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்கு வரும் சப்ளை ஒயரை உருவிவிடுங்கள், இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் அளக்க வேண்டும். செல்ஃப் சுற்றாத நேரத்தில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். பேட்டரி நன்றாக நின்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை. அதேபோல் பேட்டரியின் மறு கம்பத்துக்கும் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் நடுவே அளங்கள். அங்கேயும் அரை வோல்ட்தான் எல்லை. கம்பத்தின் மேல் வைத்து அளக்க வேண்டும், கிளாம்பின் மேல் வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே இருக்கும் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

எர்த் பட்டை அறுந்த எம்ஜிபியைக் கண்டுபிடிக்க மீட்டர்கூடத் தேவைப்படாது. இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், பட்டை போய்விட்டால் செல்ஃபின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிளும் சோக் கேபிளும்தான் இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் மற்ற உலோகங்கள். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சூடாக இருந்தாலோ, அதன் உறை உருகியிருந்தாலோ விஷயம் முடிந்தது. க்ரோம் பம்பர் வண்டிகளில் (1974 வாக்கு வரை வந்தவை; அதன்பின் ரப்பர் பம்பர்) இந்தப் பட்டை கியர்பாக்ஸின் பின்பக்கம் இருக்கும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறப்பது வாடிக்கை.

சத்தமும் நிறையச் சொல்லும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் மங்காமல் வெறும் டக் மட்டும் கேட்டால், கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை: சோலனாய்டின் உள் காண்டாக்ட் எரிந்திருக்கும், அல்லது மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு (ஆர்மேச்சர்) கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து, அதிலுள்ள செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும். டக் சத்தத்தோடு லைட்டும் அணைவதுபோல் மங்கினால் பேட்டரி இளைத்திருக்கிறது, அல்லது பினியன் சிக்கியிருக்கிறது. டகடகவென்று தொடர்ந்து அடித்தால் அநேகமாக வோல்ட்டேஜ் குறைவு. சோலனாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்டை இழுத்ததும் வோல்ட்டேஜ் விழுந்து விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. மோட்டார் ஜோராகச் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பழைய வகையில் பென்டிக்ஸ் அழுக்கேறி ஒட்டிக்கொண்டது, புதிய வகையில் பினியனைச் சுற்றும் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது. இந்தக் கடைசி இரண்டுக்கும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பினியன் சிக்கிக்கொண்டதற்குக் கழற்ற வேண்டியதில்லை. பழைய எம்418ஜியின் முன்முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதை எடுத்தால் ஷாஃப்டின் சதுர முனை தெரியும். ஸ்பேனர் போட்டு இரண்டு பக்கமும் அசைத்தால் பினியன் விடுபடும். அல்லது டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினாலும் ஆகும். மோட்டாரைச் சுத்தியலால் தட்டி ஓட வைப்பதும் பலர் செய்வதுதான். சிக்கிய பிரஷ் அதில் அசைந்து கொடுக்கும், வீடு போய்ச் சேரலாம், அவ்வளவே. காந்தம் வைத்த நவீன மாற்று மோட்டாரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் நொறுங்கிவிடும்.

இதெல்லாம் பார்த்தும் மோட்டார்தான் குற்றவாளி என்றால், வேலைக்கு முந்தின நாளே இரண்டு போல்ட்டுகளுக்கும் துரு இளக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

மறுநாள் முதல் வேலை பேட்டரி. செல்ஃபுக்கு வரும் கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது, பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. ஸ்பேனர் அதன் டெர்மினலையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் வெல்டிங் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மோதிரம் போட்ட விரலாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் எர்த் ஒயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. 1967 வரை எம்ஜிபிக்குப் பாசிட்டிவ் எர்த். பழக்கதோஷத்தில் மைனஸைக் கழற்றினால் எர்த் அப்படியே உயிரோடு இருக்கும். எந்தக் கம்பத்திலிருந்து ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுங்கள். பலர் பின்னாளில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள் என்பதால் வருடக் கணக்கும் இங்கே உதவாது.

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்க முன் கிராஸ்மெம்பருக்கு அடியில் ஜாக், பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக். தூக்கியதும் ஸ்டாண்டு போட்டு அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. மேல் போல்ட்டுக்காக நிறைய நேரம் நெம்பிக்கொண்டு கிடக்கப் போகிறீர்கள். மோட்டார் கீழ் வழியாக வெளியே வர வேண்டும், உங்கள் தோளும் உள்ளே போக வேண்டும் என்பதால் ஒன்றரை அடி உயரமாவது வேண்டும்.

எம்ஜிபியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இன்ஜினின் இடதுபக்கம். செல்ஃப் வலதுபக்கம், பின்னால், தாழ்வாக இருக்கிறது. அதே வலதுபக்கத்தில்தான் டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் ஃபில்டர், ஆயில் கூலருக்குப் போகும் குழாய், பிரஷர் கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய் எல்லாமே. ரைட் ஹேண்ட் டிரைவ் வண்டியில் இவற்றோடு ஸ்டீயரிங் ஷாஃப்டும் அந்த வழியாகவே இறங்குகிறது. அமெரிக்காவுக்குப் போன லெஃப்ட் ஹேண்ட் வண்டிகளில் அந்தத் தொல்லை இல்லை. அங்கிருந்து வரும் செய்முறைகளில் எல்லாம் சுலபமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றிவிடுவது என் சிபாரிசு. ஆரம்ப வண்டிகளில் அது கீழ்நோக்கித் தொங்கும்; பின்னால் வந்தவற்றில் தலைகீழாக மேல்நோக்கி நிற்கும். எப்படியிருந்தாலும் ஆயில் கொஞ்சம் கொட்டும், தட்டு வையுங்கள். ஃபில்டர் போனதும் இன்ஜினின் பக்கவாட்டில் முன்னாலிருந்து பின்னால் வரை நேர்க்கோட்டில் ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்துதான் மேல் போல்ட்டுக்கான ராஜபாட்டை.

டிஸ்ட்ரிபியூட்டரையும் எடுத்துவிட்டால் மேலிருந்து கைவிட இடம் கிடைக்கும். பயப்பட வேண்டாம். அதைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பின் இறுக்குப் போல்ட்டை மட்டும் தொடாதீர்கள். கிளாம்ப் தகட்டை பிளாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு சிறு போல்ட்டுகளைக் கழற்றி, தகட்டோடு சேர்த்து அப்படியே மேலே உருவுங்கள். அடிமுனை நாக்கு மையத்திலிருந்து சற்றே விலகி வெட்டப்பட்டிருப்பதால் திரும்ப ஒரே நிலையில்தான் உட்காரும், டைமிங் மாறாது. கேப்பை ஒயர்களோடு அப்படியே ஓரமாகக் கட்டிவையுங்கள். ஒயர்களை உருவிவிட்டால் 1-3-4-2 என்ற பொறி வரிசையை இடஞ்சுழியாக அடுக்கிக் கொடுக்கும் வேலை கூடுதலாகச் சேரும். திறந்திருக்கும் ஓட்டையில் துணியைத் திணியுங்கள். அதற்குள் ஒரு வாஷர் விழுந்தால் இன்றைய வேலை அடுத்த மாத வேலையாகிவிடும்.

இப்போது ஒயர்கள். பழைய வகையில் ஒரே ஒரு பெரிய கேபிள். நட்டைக் கழற்றும்போது அதற்கு அடியிலுள்ள உள் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டெர்மினல் கம்பமே சுற்றி உள்ளே ஃபீல்டு காயில் இணைப்பைப் பிய்த்துவிடும். 2எம்100-இல் சோலனாய்டின் பெரிய டெர்மினலில் பேட்டரி கேபிளோடு தடித்த பிரவுன் ஒயர்களும் வரும். காரின் மொத்த மின்சாரமும் அந்த ஒரு கம்பத்திலிருந்துதான் பிரிந்து போகிறது. ஆல்டர்னேட்டரின் சார்ஜும் அங்கேதான் வந்து சேர்கிறது. திரும்ப மாட்டும்போது அவற்றில் ஒன்று விடுபட்டால் செல்ஃப் அடிக்கும், லைட்டோ சார்ஜோ இருக்காது. சாவியிலிருந்தோ ரிலேயிலிருந்தோ வரும் சின்ன ஒயர் தனி முனையில் இருக்கும். ரப்பர் பம்பர் வண்டிகளில் இன்னொரு சின்ன ஒயரும் உண்டு, அது செல்ஃப் அடிக்கும் நேரத்தில் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் கொடுப்பதற்கு. இரண்டு சின்ன ஒயர்களையும் மாற்றிக் குத்தக்கூடாது. போனில் படம் எடுத்துக்கொண்டு, டேப் ஒட்டி அடையாளமும் எழுதிவிடுங்கள்.

இனி போல்ட். தலை 9/16 அங்குலம், அதாவது 14.29 மில்லிமீட்டர். 14 சாக்கெட் ஏறாது. 15 ஏறும், ஏறி தலையை உருண்டையாக்கிவிடும். கை எட்டாத இடத்தில் தலை மழுங்கிய போல்ட்டைவிட மோசமான பொருள் இந்த வண்டியில் வேறில்லை. அங்குல செட் இல்லையென்றால் இந்த ஒரு சாக்கெட்டையும் ஒரு ரிங் ஸ்பேனரையும் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும்.

கீழ் போல்ட்டை முதலில் இளக்குங்கள், கழற்றாதீர்கள். நாலைந்து மரை பிடித்திருக்கட்டும், மோட்டாரின் ஏழெட்டு கிலோ எடையை அது தாங்கும். கீழ் போல்ட்டை முழுக்க எடுத்துவிட்டால் எடை மொத்தமும் மேல் போல்ட்டில் குறுக்காகத் தொங்கி, அது இன்னும் இறுகும்.

மேல் போல்ட்டுக்கு இரண்டு வழி. முதல் வழி, ஃபில்டர் இருந்த சந்து வழியாக முன்னாலிருந்து. சாக்கெட், அதன் பின்னால் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், அதன் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு அடி நீள எக்ஸ்டென்ஷன். ஜாயின்ட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் அது துவளாமல் விறைப்பாக நிற்கும், தேவையான அளவு மட்டும் வளையும். இதைச் செய்யாதவர்கள் சாக்கெட்டைப் போல்ட் தலையில் ஏற்றவே அரை மணி நேரம் போராடுவார்கள். ஒருவர் மேலிருந்து விரலால் சாக்கெட்டைப் போல்ட் தலையில் உட்கார வைக்க, மற்றவர் முன்னால் ராட்செட்டைத் திருப்ப வேண்டும். முதல் இளக்கலுக்கு நீளமான கைப்பிடி போடுங்கள், ராட்செட்டை உடைக்க வேண்டாம். நெம்பும்போது எக்ஸ்டென்ஷன் ஆயில் கேஜ் குழாயின் மேல் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பிளாக்கோடு சேரும் மூட்டு செல்ஃபுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பழையதானால் தொட்டாலே ஒழுகும்.

இரண்டாவது வழி, டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்த இடத்தின் வழியாக மேலிருந்து ரிங் ஸ்பேனர். பன்னிரண்டு முனை ரிங்குக்கு ஒரு தடவைக்கு 30 டிகிரி கிடைத்தால் போதும், அங்கே அதற்குமேல் இடமும் இல்லை. ராட்செட் ரிங் ஸ்பேனர் ஆசை காட்டும். அது திசை மாற்றும் நெம்பு உள்ளதாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். போல்ட் வெளியே வரவரத் தலை எதிரே இருக்கும் எதிலாவது முட்டி, ஸ்பேனர் நடுவில் மாட்டிக்கொள்ளும். திசை மாற்ற முடியாவிட்டால் முன்னும் போகாது, பின்னும் வராது.

ஸ்பேனர் சுற்றியும் போல்ட் வெளியே வரவில்லை என்றால் பின்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். மரை போன வண்டிகளில் முன்பு கைவைத்தவர் பின்னால் நட் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். அப்படியானால் அந்த நட்டை இன்னொருவர் பிடித்தால்தான் ஆகும்.

இரண்டு போல்ட்டும் வந்தபின் மோட்டார் தானாக விழாது. மூக்குப் பகுதி இன்ஜினின் பின் தகட்டு ஓட்டைக்குள் செருகியிருக்கிறது. அடியில் கையோ கட்டையோ கொடுத்துத் தாங்கிக்கொண்டு, நேராக முன்னோக்கி இழுத்துப் பினியன் முழுக்க வெளியே வந்ததும் வால்பக்கத்தைத் தாழ்த்திக் கீழே இறக்குங்கள். ரைட் ஹேண்ட் வண்டியில் ஸ்டீயரிங் ஷாஃப்டில் முட்டினால் பலம் காட்டாமல் மோட்டாரை அதன் அச்சிலேயே சுற்றிப் பாருங்கள். சோலனாய்டின் புடைப்பு எந்தப் பக்கம் திரும்பும்போது வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தான். படுத்தபடி முகத்துக்கு நேராக இதைச் செய்யாதீர்கள். தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு இறக்குங்கள்.

மோட்டார் வெளியே வந்ததும் பலர் கடைக்கு ஓடுவார்கள். அதற்குமுன் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் அணைக்கும்போது பெரும்பாலும் 180 டிகிரி இடைவெளியில் இரண்டு இடங்களிலேயே வந்து நிற்கும். பினியன் மோதுவதும் அந்த இரண்டு இடங்களில்தான், பல் தேய்வதும் அங்கேதான். டாப் கியரில் போட்டு, ஸ்டாண்டில் தூக்கிய முன்பக்கம் அசையாதபடி கவனித்துப் பின் சக்கரத்தின் வழியாக இன்ஜினைச் சுற்றுவதைவிட, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு முன்னால் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுவது பாதுகாப்பு. முழுச் சுற்றும் பாருங்கள். பல் ஓரம் சற்று மழுங்கியிருப்பது சகஜம். பல்லே பாதி இல்லை என்றால் புது மோட்டார் போட்டும் பயனில்லை, இன்ஜினை வெளியே எடுக்கும் வேலை காத்திருக்கிறது. மோட்டார் எண்ணெயில் குளித்திருந்தால் மேலே பாருங்கள்: ஃபில்டர் தலையோ கேஜ் மூட்டோ கூலர் குழாயோ ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் புது மோட்டாரைப் போடுவது அதையும் கெடுப்பதற்கே.

பெஞ்சில் வைத்துச் சோதிக்க மோட்டாரை வைஸில் இறுக்கிக் கட்டுங்கள். கையால் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்தால் துள்ளிக் காலில் விழும். சுமை இல்லாமல் சுற்றும்போது 40, 45 ஆம்பியர் அளவில்தான் இழுக்க வேண்டும். அதைப்போல் இரண்டு மடங்கு இழுத்து, மெதுவாகச் சுற்றி, உள்ளே உரசும் சத்தமும் வந்தால் ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் ஃபீல்டு இரும்பில் உரசுகிறது என்று அர்த்தம். சில வினாடிக்குமேல் ஓடவிடாதீர்கள், சுமையில்லாத செல்ஃப் வேகம் எடுத்துக்கொண்டே போகும்.

2எம்100-இல் கார்பன் பிரஷ் 9.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். கம்யூட்டேட்டர் இதில் உருளையாக இல்லாமல் தட்டையான முகமாக இருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய கண்ணாடித் தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். எம்ரி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்துகொண்டு பிரஷ்ஷைத் தின்னும். டைனமோ வேலை பார்த்துப் பழகியவர்கள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள இன்சுலேஷனைக் கீறி ஆழப்படுத்தப் பார்ப்பார்கள். செல்ஃபில் அதைச் செய்யக்கூடாது. வெண்கல புஷ் மாற்றினால் புதியதை 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள்; அது நுண்ணிய துளைகள் உள்ள உலோகம், குடித்துவைத்த எண்ணெய்தான் அதன் ஆயுள். பழைய பென்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடுங்கள். கிரீஸ் போடாதீர்கள். கிளட்ச் தூசி கிரீஸோடு சேர்ந்து பசையாகி, ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

புதுசு வாங்குவதானால், உள்ளே பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் கியர் ரிடக்ஷன் மோட்டார் நல்ல தேர்வு. எடை குறைவு, கரண்ட் குறைவாக இழுக்கும், இளைத்த பேட்டரியிலும் சுற்றும். மேல் போல்ட்டை மாட்டுவதற்கும் அதன் ஒல்லியான உடம்பு இடம் கொடுக்கும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பழைய பென்டிக்ஸ் வண்டிக்கும் 2எம்100 வண்டிக்கும் ஃப்ளைவீலும் பின் தகடும் வேறு. ஒன்றுக்கானது மற்றொன்றில் உட்காராது. அதேபோல், லூகாஸின் பழைய மோட்டார் சீரீஸ் வைண்டிங் என்பதால் பாசிட்டிவ் எர்த், நெகட்டிவ் எர்த் இரண்டிலும் ஒரே திசையில்தான் சுற்றும். காந்தம் வைத்த நவீன மோட்டாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, எர்த் மாறினால் எதிர்த்திசையில் சுற்றும். ரப்பர் பம்பர் வண்டிக்காரர்கள் அந்த இரண்டாவது சின்ன ஒயருக்கு முனை இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுவது பெரும்பாலும் கழற்றியதன் தலைகீழ்தான், இரண்டு விஷயம் தவிர. முதலாவது, மோட்டாருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. மோட்டாரின் கழுத்துத் தகடு பின் தகட்டைத் தொடும் இடமே அதன் எர்த். அழகுக்கு அங்கே பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டி எடுங்கள். பளபளவென்று புதுப்பித்த மோட்டார் முனகுவதற்கு இதுவே அடிக்கடி காரணம். இரண்டாவது, மேல் போல்ட்டை முதலில் மாட்டுங்கள். சாக்கெட்டுக்குள் சிட்டிகை கிரீஸ் வைத்தால் போல்ட் விழாமல் ஒட்டியிருக்கும். ராட்செட் இல்லாமல், வெறும் எக்ஸ்டென்ஷனை விரலால் உருட்டி நாலு மரை ஏற்றுங்கள். தடை தெரிந்தால் திருப்பி எடுத்துவிட்டு மறுபடி. மரை குறுக்கே ஏறிவிட்டால் முன்பு சொன்ன அந்தப் பின்பக்க நட் உங்கள் வண்டிக்கும் வந்து சேரும். பிறகு கீழ் போல்ட். இரண்டையும் 30 பவுண்டு-அடி, அதாவது சுமார் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். டெர்மினல் நட்டுகளை மட்டும் மென்மையாக. சோலனாய்டின் மூடி எளிதில் விரிசல் விடும்.

ஃபில்டர் மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் தலைப்பகுதியின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று ஊசியால் கிளறிப் பாருங்கள். அதன் மேலேயே புது வளையத்தை வைத்துவிட்டால் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆயில் முழுக்கத் தரையில்.

பேட்டரியின் எர்த்தைக் கடைசியாக இணைத்தபின், காயில் ஒயரை இன்னும் மாட்டாமல், பிளக்குகளும் வெளியே இருக்கும்போதே செல்ஃபை அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடி, நடுவில் அரை நிமிடம் ஓய்வு. ஆயில் கேஜ் முள் எழும்பும் வரை இப்படி. புது மோட்டாருக்கும் இதுவே முதல் சோதனை, காலியான ஃபில்டரும் நிரம்பிவிடும். முள் எழுந்ததும் பிளக்குகளை மாட்டி, காயில் ஒயரைச் செருகி, இன்ஜினை எழுப்புங்கள். எழுந்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஸ்டாண்டை எடுக்கலாம்.